ரசித்து ஓட்டும் பழைய பெட்ரோல் கார்: பணம் எங்கே போகிறது, சுகம் எங்கிருந்து வருகிறது

வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன், இருபது வருடப் பழைய கார் ஒன்றின் மேல் ஆசை, பி.எம்.டபிள்யூ 330ஐ (330i), ஆல்ஃபா ரோமியோ ஜி.டி.வி. வி6, மாஸ்டா எம்.எக்ஸ்-5, மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஆகிய நான்கில் எது கட்டுப்படியாகும், மைலேஜை நினைத்தால் பயமாக இருக்கிறது, வீட்டில் அது ஒன்றே காராக இருந்தால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைலேஜ் என்று எழுதியிருந்தாலும் உங்களை உறுத்துவது வேறு என்றே எனக்குப் படுகிறது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, எந்த மாதம் எவ்வளவு பெரிய பில் வருமோ என்று முழிக்கக் கூடாது, அதுதானே? இந்த மாதிரிக் கார்களைப் பட்டறையில் பிரித்துப் பூட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பெட்ரோல் செலவால் யாரும் இந்தக் கார்களைக் கைவிடுவதில்லை. முந்தைய சொந்தக்காரர் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் ஒரே வருடத்தில் தலையில் விழும்போதுதான் கைவிடுகிறார்கள்.

பெட்ரோல் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 330ஐ, நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டினால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 11 லிட்டர் குடிக்கும். இன்றைய சின்னக் கார் 6 லிட்டரில் ஓடிவிடும். உங்கள் 8,000 கிலோமீட்டருக்கு முன்னது 880 லிட்டர், பின்னது 480 லிட்டர். வித்தியாசம் 400 லிட்டர். அதை நீங்கள் பெட்ரோல் போடும் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும், முன்கூட்டியே தெரியும். ஜி.டி.வி. 12, 13 லிட்டர் வரை போகும். எம்.எக்ஸ்-5 எட்டு, ஒன்பது லிட்டரில் நிற்கும். ஆர்.எக்ஸ்-8 நகரத்துக்குள் 15 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். இதைவிட அதிகமாகக் குடித்தால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் 90 டிகிரியை எட்டாமல் 75-லேயே நிற்கும்; குளிர்ந்த என்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் காலிப்பர் சரியாகத் திரும்பாமல் உரசினாலும் மைலேஜ் விழும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அதுதான்.

ஆக்டேன் (தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் தாங்கும் அளவு) விஷயத்தில் பெட்ரோல் மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். குறைந்த ஆக்டேன் போட்டால் பெட்ரோல் தவறான நேரத்தில் வெடிப்பதை உணரும் நாக் சென்சார், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி என்ஜினைக் காப்பாற்றும்; ஆனால் இழுவை குறைந்து, லிட்டருக்கு மிச்சப்படுத்திய காசு கூடுதல் லிட்டரில் போய்விடும். எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலில் சுமார் 3 சதவீதம் மைலேஜ் குறையும். அதைவிட முக்கியம், எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஓஸ்களைப் பதம் பார்க்கும். காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பீர்கள் என்றால் எத்தனால் குறைந்த பெட்ரோலால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்.

இனி உண்மையான செலவு. பழைய காரை மலிவாக வாங்கலாம். அதன் உதிரிபாகங்கள் மலிவாக வராது. புதிதாக வந்தபோது அந்தக் கார் என்ன விலையோ, பாகங்களின் விலை அந்தத் தரத்திலேயே நிற்கும். கார் விலை பத்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தாலும் ஷாக் அப்சார்பரும் ஹெட்லைட்டும் அப்படி இறங்கியிருக்காது. கார் வாங்கும் விலையைப் பார்த்துப் பட்ஜெட் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்னொன்று, ஓடோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஆண்டுக்கணக்கில் சாகும். 60,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய இருபது வருடக் காரில் ஓஸ், புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்), சீல், பெல்ட், டயர் எல்லாம் இருபது வயதுதான். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் ஈரச் சாலையில் பின்சக்கர இழுவைக் காரை ஓட்ட வேண்டாம்.

உங்கள் பட்டியலில் 330ஐ-யை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் எது எப்போது போகும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இ46 என்று பி.எம்.டபிள்யூ பெயரிட்ட தலைமுறையில் வரும் 2,979 சிசி நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின், எம்54, அடிப்படையில் உறுதியானது. அதைக் கொல்வது கூலிங் சிஸ்டம்தான். ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்பேன்ஷன் டேங்க் பிளாஸ்டிக். சூடும் அழுத்தமும் ஏறி இறங்கி, பத்து வருடத்தில் அதன் ஒட்டுவாயில் மயிரிழை அளவு விரிசல் விடும். விரிசல் வெளியே தெரியாது. கூலன்ட் கசிந்து காய்ந்த வெளிறிய படிவு மட்டும் கோடாகத் தெரியும். டார்ச் அடித்து அந்தக் கோட்டைத் தேடுங்கள். அதேபோல் ரேடியேட்டரின் மேல் ஓஸ் பொருந்தும் கழுத்து பிளாஸ்டிக் என்பதால் மொறுமொறுப்பாகிவிடும். ஓஸைக் கழற்றும்போதே கையோடு உடைந்து வரும். நெடுஞ்சாலையில் உடைந்தால் கூலன்ட் முழுவதும் ஒரு நிமிடத்தில் வெளியேறும். ஊசி சிவப்புக்குப் போனபின்னும் 'வீடு வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் என்ஜினின் மேல்பாகமான ஹெட் வளையும், அலுமினியம் பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரைகள் பிடுங்கிக்கொள்ளும். அதன்பின் ரிப்பேர் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும்.

ஆகவே இந்தக் காரில் ரேடியேட்டர், எக்ஸ்பேன்ஷன் டேங்க், அதன் மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், இரண்டு பெரிய ஓஸ்கள், பெல்ட்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். 1,00,000 கிலோமீட்டர் அல்லது எட்டு முதல் பத்து வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது. ஒன்று போனபின் ஒன்று என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூலன்ட்டும் கூலியும் தண்டம். மாற்றியபின் காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சாவியை இரண்டாம் நிலையில் வைத்து, ஹீட்டரை அதிகபட்சச் சூட்டிலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் விடுங்கள். டேங்க் பக்கத்தில் இருக்கும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அந்த ஸ்க்ரூவும் பிளாஸ்டிக்தான். கைப்பிடி இறுக்கம் போதும். காற்று உள்ளே தங்கிவிட்டால் புதுப் பாகங்கள் போட்டும் கார் சூடேறும், ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும்.

அதே காரில் இரண்டாவது கவனிக்க வேண்டியது காற்றுக் கசிவு. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பூட் ரப்பர் மடிப்புகளுக்குள் கிழியும், என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வும் அதன் குழாய்களும் விரிசல் விடும். ஐட்லிங் ஆடும், ஆயில் குறையும், செக் என்ஜின் விளக்கு எரியும். ஒரு சாதாரண ஸ்கேனரை மாட்டி லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் ஊற்றுகிறது என்பதை, படியுங்கள். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். ஐட்லிங்கில் கூட்டல் 10-க்கு மேல் போய், 2,500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் எங்கோ காற்றை இழுக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பின் சீல் கெட்டிப்பட்டிருந்தால் 3,000-க்குக் கீழே இழுவை சோம்பலாக இருக்கும். முன் கன்ட்ரோல் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கும். இவையெல்லாம் தேய்மானம், தீர்க்கலாம். பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் பூட்டியிருக்கும் அடித்தரைத் தகட்டில் விரிசல் இருந்தால் மட்டும் கதையே வேறு. வெல்டிங்கும் பலப்படுத்தலும் தேவைப்படும். காரைத் தூக்கிப் பார்க்காமல் அதைப் பற்றி எந்த மெக்கானிக்கும் உறுதி கொடுக்க முடியாது, நானும் கொடுக்க மாட்டேன். என்ஜின் ஆயில் 6.5 லிட்டர் பிடிக்கும். 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும் என்ற பழைய சர்வீஸ் கணக்கை மறந்துவிட்டு 10,000-க்கு ஒருமுறை அல்லது வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஆல்ஃபாவின் வி6, ஜுசெப்பே புஸ்ஸோ வடிவமைத்தது. 1979-இல் ஆல்ஃபா 6 காரில் வந்து 2005 வரை உற்பத்தியில் இருந்தது. இதில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், ரசீது எங்கே? பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். 24 வால்வ் என்ஜினில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப் இறுகினால் புதுப் பெல்ட்டும் போய்விடும். ஆகவே பெல்ட், டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்ப் நான்கும் ஒரே வேலை. 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வது என் கணக்கு. நான்கு கேம்ஷாஃப்ட்களையும் பூட்டி நிறுத்தும் அச்சுகள் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 'குறி போட்டு மாற்றிவிடுவோம்' என்பவரிடம் வண்டியை விடவே வேண்டாம். என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் பின்வரிசைப் பிளக்குகளை எட்டவே மேலிருக்கும் பாகங்களைக் கழற்ற வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம் வருவது இதனால்தான்.

ஆர்.எக்ஸ்-8 தனி ஜாதி. 1,308 சிசி, இரண்டு ரோட்டார், பிஸ்டனே கிடையாது. ரோட்டாரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல்களுக்கு மசகு போட வேண்டி ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அதன் வடிவமைப்பு. இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்குள் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்க்காதவர் இதை வாங்கக் கூடாது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, நிழலுக்கு நகர்த்திவிட்டு உடனே அணைத்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து அடுத்த முறை கிளம்பாது. காயில், பிளக், பிளக் ஒயர் மூன்றையும் இந்தக் காரில் ஆயில் ஃபில்டர் மாதிரித் தேய்பொருளாக எண்ண வேண்டும். மிஸ்ஃபயரோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். வாங்குமுன் கம்ப்ரெஷன் சோதனை கட்டாயம், அதுவும் ரோட்டாரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கருவியில். சாதாரண கேஜ் மூன்றில் பெரிய எண்ணை மட்டும் காட்டி ஏமாற்றும். நன்றாகச் சூடான என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பிப் பாருங்கள். இழுத்து இழுத்துக் கிளம்பினால் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எம்.எக்ஸ்-5 பற்றி எழுத அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. ஒரு டன்னை ஒட்டிய எடை. டயர், பிரேக், கிளட்ச் எதுவும் சீக்கிரம் தேயாது. முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது. வண்டி நிற்கும், அவ்வளவுதான். எதிரி துரு. மடிப்புக் கூரையின் தண்ணீர் வடிகால் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பெட்டிக்குள் (sill) தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்து வெளியே அரித்து வரும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் அமுங்கும். இரண்டாம் தலைமுறையில் முன் சேசிஸ் கட்டைகளையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது நியாயம். டர்போ இல்லாத என்ஜினில் கால் அழுத்திய அளவுக்கு, அழுத்திய அந்தக் கணமே இழுவை வரும், ஆர்.பி.எம். ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். நேர்வரிசை ஆறில் 1-6, 2-5, 3-4 என்று பிஸ்டன்கள் ஜோடி ஜோடியாக நகர்வதால் அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்றாம் கியரில் 2,000-இல் இருந்து 6,500 வரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஒரு இடத்தில்கூட முரண்டு இருக்காது. புஸ்ஸோ வி6 4,000 தாண்டியதும் குரலை மாற்றும். பானெட்டைத் திறந்தால் மெருகேற்றிய ஆறு இன்டேக் குழாய்கள் வளைந்து நிற்கும், பார்த்துக்கொண்டே நிற்கலாம். ரோட்டரி என்ஜின் 9,000-ஐ நோக்கி அத்தனை சலனமில்லாமல் ஏறுவதால், சிவப்புக் கோடு நெருங்குவதை ஓட்டுபவருக்குச் சொல்ல மாஸ்டா ஒரு எச்சரிக்கை ஒலியே வைக்க வேண்டி வந்தது. எம்.எக்ஸ்-5-இல் கியர் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, நடுவில் கேபிள் இல்லை. மணிக்கட்டை அசைத்தால் பற்சக்கரம் பொருந்துவது உள்ளங்கைக்குத் தெரியும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள 330ஐ-யில் சாலையின் சொரசொரப்பு கைக்கு வரும். இதற்கெல்லாம் வேகமாகப் போக வேண்டியதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் கிடைப்பது, அதிவேகக் காரில் 160-இல்தான் கிடைக்கும். அதற்காகவே இவற்றை ஓட்டுவதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

பணத்தை எப்படி ஒதுக்குவது? நிச்சயமான செலவுகளை முதலில் எழுதுங்கள்: பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வரி, வருடம் ஒரு ஆயில் மாற்றம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். பிரேக் ஆயிலைத் தள்ளிப்போடாதீர்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம், மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகும். அடுத்து, வரும் என்று தெரியும், தேதி மட்டும் தெரியாத செலவுகள்: கூலிங் சிஸ்டம், டைமிங் பெல்ட், புஷ்கள், ஷாக் அப்சார்பர், கிளட்ச். இவற்றுக்கு ரசீது இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை என்றே கணக்கு வையுங்கள். 330ஐ-யில் கிளட்ச் என்றால் அதனோடு பூட்டியிருக்கும், அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் சேர்த்து விலை கேளுங்கள். மூன்றாவது, யாராலும் கணிக்க முடியாதவை: கியர்பாக்ஸ், என்ஜின் உள்வேலை, மறைந்திருக்கும் துரு, எலக்ட்ரானிக் பெட்டிகள். முதல் வருடத்துக்கு வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கையில் வைத்திருங்கள் என்பேன். இது அனுபவக் கணிப்பு, சூத்திரம் இல்லை. ரசீதுக் கோப்பு தடிமனாக இருக்கும் காரில் அதில் பாதியும் போகாது. கையில் உள்ள பணம் முழுவதையும் கார் விலைக்கே கொடுத்துவிட்டால் எந்தக் காரும் உங்களுக்குக் கட்டாது.

பார்க்கப் போகும்போது, வருமுன் என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளப்பினால் தெரியக்கூடிய ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் போகிறது. கூலன்ட் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து எண்ணெய்ப் படலம் இருக்கிறதா பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஏனென்றால் கூலன்ட் சூடேறிய பின்னும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆயில் சூடான பின்னால்தான் பேரிங் சத்தமும் ஆயில் பிரஷரும் உண்மையைச் சொல்லும். பிஸ்டன் என்ஜின் என்றால் சூடாக இருக்கும்போது, எல்லாப் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரெஷன் எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஒரே காராக வைத்துக்கொள்வது பற்றி: தினம் மூன்று, நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்துவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் நான்குமே வேண்டாம். ஆயில் சூடாகாமல் ஈரமும் பெட்ரோலும் அதில் தங்கி, ஆயில் மூடியின் அடியில் வெண்ணிறக் குழம்பாகப் படியும். ஆர்.எக்ஸ்-8-ஐ இரண்டாவது காராக மட்டும் நினைத்துப் பாருங்கள். ஜி.டி.வி.யை, பெல்ட் ரசீதும் அந்த என்ஜின் தெரிந்த பட்டறையும் கிடைத்தால் வாங்குங்கள். கூலிங் சிஸ்டம் மாற்றிய 330ஐ அல்லது துருவில்லாத எம்.எக்ஸ்-5, தினசரி 15, 20 கிலோமீட்டராவது ஓடினால், ஒரே காராகத் தாராளமாக இருக்கலாம். ஆனால் பாகம் வரக் காத்திருக்கும் ஒரு வாரம், பத்து நாள் வேலைக்குப் போக வேறு வழி இருக்கிறதா என்று வாங்குமுன் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்றால் இரண்டே சீட் உள்ள எம்.எக்ஸ்-5-ஐ விட்டுவிட்டு 330ஐ-யின் நான்கு கதவு மாடலைத் தேடுங்கள்.